மாகாண அதிகாரமும் மலைத்தோட்டமும்

ஓர் அரசியல் ஒன்றியத்தில் உறுப்புகளுக்குரிய அதிகாரத்தை ஆராய்வோர் பெரும்பாலும் அதிகாரப் பட்டியலோடு நின்றுவிடுகின்றனர். பட்டியலில் எழுதப்பட்ட அதிகாரம் குடிமக்களின் வாழ்விடம்வரை சென்றதா என்பது அதனினும் அடிப்படையான வினாவாகும். இவ்வினாவுக்கு ஊவா மாகாண வரலாறு தெளிவான விடை தருகின்றது.

இலங்கையில் கூட்டாட்சியை முதலில் வேண்டியோர் தமிழரல்லர். 1926இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அக்கருத்தை ஆதரித்தார். 1927இல் இலங்கை வந்த டொனமூர் ஆணைக்குழுவிடம் கண்டிச் சிங்களத் தலைவர்கள் மூன்று பகுதிகளைக் கொண்ட கூட்டாட்சியைக் கோரினர். எனினும் அம்மலைகளில் உழைத்த இந்திய வம்சாவளித் தொழிலாளரை அவர்கள் பங்காளிகளாகக் கருதவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அத்தொழிலாளருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று.

1987இல் பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளைத் தோற்றுவித்தது. ஒற்றையாட்சி அதனாற் குலையவில்லை என உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களுள் ஐவர் தீர்ப்பளித்தனர். சனாதிபதியால் நியமிக்கப்படும் ஆளுநரிடமே நிறைவேற்றதிகாரம் வைக்கப்பட்டது. இந்தியாவில் நிலம் மாநிலப் பட்டியலுக்குரியது. இலங்கையிலோ மாகாணப் பட்டியலில் நிலம் இடம்பெற்றிருந்தும், அரச காணி மத்திக்கே உரியதென 2013இல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. உள்ளூராட்சியை மேற்பார்வை செய்வது மாகாணம். அதன் அமைப்பை வகுப்பது பாராளுமன்றம். அப்பாராளுமன்றம் 1987இல் இயற்றிய பிரதேச சபைகள் சட்டம், தோட்டங்களுக்குள் சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது.

இதன் விளைவைப் பதுளை மாவட்டத்தின் மீரியபெத்தையிற் காணலாம். அங்கு மண்சரிவு அபாயம் உண்டென 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. ஆயினும் மக்கள் பழைய லயன்களிலேயே தொடர்ந்து வாழ்ந்தனர். 2014 செப்டெம்பர் 20இல் ஊவா மாகாண சபைத் தேர்தல் நடைபெற்றது. நாற்பது நாள் கழியுமுன், ஒக்டோபர் 29 காலையில், மலை சரிந்து லயன்களை மூடிற்று. எச்சரித்தது மத்திய அரசின் நிறுவனம், நிலம் அரசுடையது, தோட்ட நிருவாகம் கம்பனியினது, வாக்குப் பெற்றது மாகாணம். பொறுப்பு இவ்வாறு பலர்க்கும் பங்கிடப்பட்டு, எவரிடத்தும் முழுமையாகத் தங்காது போயிற்று.

தோட்டங்களுக்கிருந்த சட்டத்தடை 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் நீங்கிற்று. அடுத்த ஆண்டிலேயே ஊவா சபையின் பதவிக்காலம் முடிவுற்றது. தேர்தல் ஒத்திவைக்கப்பட, நிருவாகம் ஆளுநரிடம் சென்றது.

மத்தியிலிருந்து மாகாணத்துக்கு இறங்கும் அதிகாரம் தோட்ட வாயிலில் நின்றுவிடுமாயின், அதனை முழுமையான பகிர்வெனக் கொள்ளுதல் இயலாது. நிலமும் நிதியும் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையும் ஒருங்கே அமையும்போதே அதிகாரம் காவலாகும். மீரியபெத்தை உணர்த்தும் அரசியற் பாடம் இதுவேயாகும்.