கோப்ளினுக்குப் பச்சைதான் அடிக்கணுமா?

உயரம் 3 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதற்குள் நீண்ட மூக்கு, பல்லைக் காட்டும் வாய், கிழிந்த முக்காடு, இடுப்பில் ஒரு பை, கையில் துருப்பிடித்த கத்தி. ஃபேன்டஸி டேபிள்டாப் விளையாட்டுகளில் மேஜைமேல் நகர்த்தப்படும் மினியேச்சர் பொம்மைகள் பெரும்பாலும் சாம்பல் நிற பிளாஸ்டிக்காகத்தான் பெட்டியிலிருந்து வரும். ஒட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் வாங்கியவர் பொறுப்பு. விளையாட்டைவிட இந்த பெயின்ட் வேலைதான் பிடிக்கும் என்பவர்கள் நிறைய பேர். ஆனால், அவர்களும் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நிற்கும் இடம் ஒன்று உண்டு. என்ன கலர் அடிப்பது?

சுலபமான வழி, பெட்டியின் அட்டையைப் பார்த்து அப்படியே அடிப்பது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இயங்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்தின் வார்ஹாமர் 1983-லும், விண்வெளிக்குப் போன அதன் தம்பியான வார்ஹாமர் 40,000 1987-லும் வந்தன. அந்த விண்வெளி வீரர்களில் அல்ட்ராமரீன்ஸ் என்றால் நீலம், பிளட் ஏஞ்சல்ஸ் என்றால் சிவப்பு. ஆர்க்குகளுக்கோ சிவப்பு வண்டிதான் வேகமாக ஓடும் என்று ஒரு நம்பிக்கையே உண்டு! அட்டைப்படத்தைப் பின்பற்றுவதில் தப்பே இல்லை. ஆனால் பச்சைத் தோல், பழுப்புத் துணி, பச்சைத் தரை என்று இருபது கோப்ளின் அடித்து முடித்தால் அலுத்துவிடும். சொந்தமாக முயன்று பார்க்கலாமே என்று தோன்றும் இடம் அதுதான்.

அப்படி முயல்பவர்கள் முதலில் பார்ப்பது கலர் சக்கரம். எதிரெதிர் நிறங்களான சிவப்பும் பச்சையும், நீலமும் ஆரஞ்சும், மஞ்சளும் ஊதாவும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் பளிச்சென்று இருக்கும் என்பது பாடம். சரிதான். ஆனால் நடுத்தரப் பச்சைத் தோலுக்குப் பக்கத்தில் நடுத்தரச் சிவப்புத் துணியை வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இருட்டாக இருந்தால், பொம்மை ஒரு கலங்கலான கட்டியாகத்தான் தெரியும். இந்தப் பொம்மைகளை நாம் கையில் வைத்துப் பார்க்கும் நேரம் குறைவு. மேஜையின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும் நேரம்தான் அதிகம். அவ்வளவு சின்ன உருவத்தை அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கும்போது, கண் முதலில் பிரித்துப் பார்ப்பது வெளிச்சத்தையும் இருட்டையும்தான். நிறம் அப்புறம்தான்.

இதைச் சோதிக்க செல்போன் போதும். போட்டோ எடுத்து கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். முகம் எது, துணி எது, ஆயுதம் எது என்று அதிலும் தெரிந்தால் உங்கள் கலர் திட்டம் தேறிவிட்டது. எல்லாம் ஒரே சாம்பலாக இருந்தால், நிறத்தை மாற்ற வேண்டாம். ஒன்றை வெளுப்பாக்குங்கள் அல்லது இன்னொன்றை இருட்டாக்குங்கள்.

நம் கோப்ளினையே எடுத்துக்கொள்வோம். தோலை மஞ்சள் கலந்த வெளிர்பச்சையாக்கி, முக்காட்டுக்குக் கிட்டத்தட்ட கறுப்பாகத் தெரியும் ஊதா கொடுத்தால் முகம் தானாக முன்னே வந்து நிற்கும். தோலின் பள்ளங்களிலும் அதே ஊதாவைத் தண்ணீராகக் கரைத்து ஓடவிட்டால், தோலும் துணியும் ஒரே உலகத்தைச் சேர்ந்தவையாகிவிடும். அல்லது பச்சையையே விட்டுவிடலாம். வெளிறிய நீலச்சாம்பல் தோல், துரு நிறத்தில் துணி என்று வைத்தால் குகைக்குள்ளேயே வளர்ந்த கூட்டம் போல இருப்பார்கள். கண்களில் மட்டும் ஒரு சொட்டு மஞ்சள். பளிச்சிடும் நிறம் எவ்வளவு குறைவோ அவ்வளவு எடுபடும். அதை முகத்துக்குப் பக்கத்தில் வைப்பதுதான் கெட்டிக்காரத்தனம். பூட்ஸில் வைத்தால் பார்ப்பவர் பூட்ஸைத்தான் பார்ப்பார்!

எடுத்த எடுப்பில் டிராகனில் பரிசோதனை வேண்டாம். ஒரே மாதிரி மூன்று சாதா வீரர்களை எடுத்து மூன்று திட்டங்களை அடித்துப் பாருங்கள். மெல்லிய கோடு, கண்மணி எல்லாம் இப்போது தேவையில்லை. அடிப்படை நிறங்கள் மட்டும் போதும். முதலில் கறுப்பு பிரைமர், பிறகு மேலிருந்து மட்டும் வெள்ளை ஸ்ப்ரே என்று அடித்துக்கொண்டால், வெளிச்சம் எங்கே விழும் என்று பொம்மையே காட்டிக்கொடுக்கும். அதன்மேல், 2019-ல் அறிமுகமான கான்ட்ராஸ்ட் வகை பெயின்டுகளை ஒரு கோட் ஓட்டினால் மேட்டில் வெளிறி, பள்ளத்தில் அடர்ந்து நிற்கும். ஒரே நாள் மாலையில் மூன்றும் முடிந்துவிடும்.

மஞ்சளிடம் மட்டும் உஷார். கறுப்பின்மேல் எத்தனை கோட் அடித்தாலும் மூடாது, அழுக்குப் பச்சையாக இளிக்கும். அடியில் வெளிர்பழுப்போ இளஞ்சிவப்போ கொடுத்துவிட்டு அடித்தால் இரண்டே கோட்டில் உட்கார்ந்துவிடும். இன்னொன்று, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் நிறத்தை முடிவு செய்யாதீர்கள். காலையில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால் நேற்றைய ஊதா வேறு ஏதோவாக இருக்கும்.

சொதப்பிவிட்டால்? பிளாஸ்டிக் பொம்மை என்றால் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் அக்ரிலிக் பெயின்ட் கழன்று வரும். ரெசின் பொம்மைக்கு இந்த வைத்தியம் வேண்டாம்; சிலவகை ரெசின் இளகிவிடும்.

திட்டம் பிடித்துவிட்டால் உடனே ஒரு நோட்டை எடுங்கள். எந்த பாட்டில், எந்த வரிசை, கலந்தது என்றால் எத்தனை சொட்டுக்கு எத்தனை சொட்டு என்று எழுதி வையுங்கள். ஆறு கோப்ளின் முடித்துவிட்டு இரண்டு மாதம் கழித்து உட்கார்ந்தால் ஞாபகம் இருக்காது. ஏழாவது ஆள் பக்கத்து ஊர்க்காரர் மாதிரி நிற்பார்.