அம்பாலா திடலில் ஒரு புதுத் துப்பாக்கி



பள்ளியில் "1857 கிளர்ச்சிக்கு உடனடிக் காரணம் என்ன?" என்ற கேள்விக்குக் "கொழுப்பு தடவிய தோட்டா" என்று எழுதி மதிப்பெண் வாங்காதவர்கள் நம்மில் குறைவு. இன்று நம் வீட்டுப் பிள்ளைகளும் அதையேதான் எழுதுகிறார்கள். அந்த ஒரு வரிப் பதிலுக்குப் பின்னால் இருப்பது, புதிதாக வாங்கிய துப்பாக்கியைச் சுட்டுப் பழகும் ஒரு சாதாரணப் பயிற்சி. இந்த இதழில் அந்தப் பயிற்சித் திடலுக்குப் போய் வருவோம், வாருங்கள்.

முதலில் துப்பாக்கியைப் பார்த்துவிடலாம். அதுவரை கம்பெனிச் சிப்பாய்களிடம் இருந்தது "பிரவுன் பெஸ்" என்ற பழைய மஸ்கட். அதன் குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும். 100 கஜத்துக்கு அப்பால் குறி நிச்சயமில்லை. புதிதாக வந்தது 1853 மாதிரி என்ஃபீல்டு ரைபிள். அதன் குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும். குண்டு அதில் சுழன்றுகொண்டே வெளிவருவதால் நேராகப் பாயும். 900 கஜம் வரை குறி பார்க்க அதில் அளவுப்பட்டை இருந்தது. குண்டு பள்ளங்களைப் பற்றிக்கொண்டு போகவும் வேண்டும், சிக்காமல் உள்ளே இறங்கவும் வேண்டும். அதற்காகத்தான் தோட்டாக் காகிதத்தின் மீது கொழுப்பு பூசினார்கள். காகிதத்தின் நுனியைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலுக்குள் கொட்டிவிட்டு, குண்டை உள்ளே இடிக்க வேண்டும். படைவீரர்களுக்குப் பழக்கமான முறைதான் அது.

இந்தத் துப்பாக்கியைக் கற்றுக்கொடுக்க வங்காளப் படையில் மூன்று பயிற்சி நிலையங்கள் தொடங்கினார்கள். ஒன்று, இன்று கொல்கத்தா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள டம்டம். மற்ற இரண்டும் அம்பாலா, சியால்கோட். பல ரெஜிமெண்டுகளிலிருந்து சிலரை மட்டும் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அவர்கள் கற்றுக்கொண்டு திரும்பிப் போய் மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு.

1857 ஜனவரியில் டம்டமில் ஒரு கடைநிலைத் தொழிலாளி, பிராமணச் சிப்பாய் ஒருவரிடம் அவர் செம்பிலிருந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். சிப்பாய் சாதி சொல்லி மறுத்தார். "பசுக் கொழுப்பையும் பன்றிக் கொழுப்பையும் வாயால் கடிக்கப் போகிறீர்கள், அப்புறம் சாதி எங்கே?" என்ற பொருளில் பதில் வந்தது. அந்தப் பேச்சு பாசறை பாசறையாகப் பரவியது. பசு இந்துக்களுக்கு, பன்றி முஸ்லிம்களுக்கு. ஒரே தோட்டா இருவரையும் தொட்டது.

கொழுப்பு எந்த விலங்குடையது? இங்கேதான் அரசின் பிழை இருக்கிறது. கொழுப்பு வாங்கிய ஒப்பந்தத்தில் இன்ன விலங்கு கூடாது என்று எந்தக் கட்டுப்பாடும் இல்லை. பசுக் கொழுப்பு கலந்திருக்கலாம் என்பதைப் படைக்கலத் துறையே பின்னர் மறுக்க முடியவில்லை. இத்தனைக்கும், தட்பவெப்பம் தாங்குமா என்று பார்க்க இந்தத் தோட்டாக்களை 1853-இல் இந்தியாவுக்கு அனுப்பியபோதே, கொழுப்பைப் பற்றித் தெளிவாகத் தெரியாமல் சிப்பாய்களிடம் கொடுக்கக் கூடாது என்று படையின் மூத்த அதிகாரி ஒருவர் எழுத்தில் எச்சரித்திருந்தார். கோப்பு நகரவில்லை.

நம் வளாகத்துக்கு லாரித் தண்ணீர் வந்தால்கூட "எந்த ஊர்க் கிணறு?" என்று கேட்கிறோம் இல்லையா? சிப்பாய்களும் அதைத்தான் கேட்டார்கள். பதில் வராமல் இல்லை, தாமதமாக வந்தது. வேண்டிய எண்ணெயையோ மெழுகையோ அவர்களே வாங்கிப் பூசிக்கொள்ளலாம் என்று ஜனவரி இறுதியில் அனுமதி கொடுத்தார்கள். அடுத்து, பல்லால் கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று பயிற்சி முறையையே மாற்றினார்கள். ஆனால் ஒவ்வொரு சலுகையும் சந்தேகத்தை வளர்க்கவே செய்தது. தவறே இல்லையென்றால் எதற்காக மாற்றுகிறார்கள் என்று கேட்டார்கள். கொழுப்பை விட்டுவிட்டு, காகிதம் ஏன் பளபளக்கிறது என்ற பேச்சு கிளம்பியது.

மார்ச் மாதம் தலைமைத் தளபதி ஆன்சன் அம்பாலாவுக்கு வந்தார். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த இருவரை, அவர்களுடைய சொந்த ரெஜிமெண்டைச் சேர்ந்தவர்களே கிறிஸ்தவர்களாகிவிட்டதாகச் சொல்லி ஒதுக்கியிருந்தார்கள். வதந்தி பொய் என்று ஆன்சன் திடலில் நின்று பேசினார். பயிற்சிக்கு வந்தவர்கள் மரியாதையாகவே பதில் சொன்னார்கள். உங்களை நாங்கள் நம்புகிறோம், உத்தரவிட்டால் சுடுகிறோம். ஆனால் எங்கள் படையும் எங்கள் கிராமமும் இந்தக் கதையை நம்புகின்றனவே, ஊருக்குப் போனால் எங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களே என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். அதற்குத் தளபதியிடம் பதில் இல்லை. ஏப்ரல் நடுவில் சுடும் பயிற்சி தொடங்கியது. அந்த நாட்களில் அம்பாலா பாசறையில் இரவுகளில் கட்டடங்கள் பற்றி எரிந்தன.

ஏப்ரல் 24 அன்று மீரட்டில் மூன்றாம் குதிரைப்படையின் 90 பேரை அணிவகுக்கச் சொல்லித் தோட்டா கொடுத்தார்கள். 85 பேர் தொட மறுத்தார்கள். அவை கொழுப்பு தடவிய புதுத் தோட்டாக்கள் அல்ல, பல வருடங்களாக அவர்கள் பயன்படுத்திய பழைய வகைதான். கடிக்கவும் தேவையில்லை. ஆனாலும் யாரும் நம்பத் தயாராக இல்லை. பெரும்பாலோருக்குப் பத்து ஆண்டு கடுங்காவல். மே 9 அன்று படை முழுவதும் பார்க்க அவர்கள் கால்களில் விலங்கு பூட்டினார்கள். மறுநாள் ஞாயிறு மாலை மீரட் எழுந்தது. அதற்கு மறுநாள் காலை டெல்லி.

கிளர்ச்சிக்கு நில வரி, நாடு பறிப்பு, சம்பளக் குறை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நம் வேலூரை நினைத்துப் பாருங்கள். 1806 ஜூலை 10 அன்று அங்கே சிப்பாய்கள் எழுந்ததற்கு, தோல் சேர்த்த புதுத் தலைப்பாகையும் நெற்றிக் குறிக்கு விதித்த தடையும் காரணம். கவர்னர் பெண்டிங்கைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அந்தப் பாடம் 51 ஆண்டுகளில் மறந்துபோயிற்று.

கிளர்ச்சியை அடக்கிய பிறகு இந்தியச் சிப்பாய்களுக்கென்றே 1858 மாதிரித் துப்பாக்கி ஒன்றைச் செய்தார்கள். வெளியே பார்த்தால் அதே என்ஃபீல்டு. உள்ளே சுருள் பள்ளம் கிடையாது, பழையபடி வழவழப்புக் குழல். தூரத்துக்குக் குறி பார்க்கும் அளவுப்பட்டையும் இல்லை. நம்பிக்கை போனதைத் துப்பாக்கியிலேயே எழுதி வைத்தது போல.

அடுத்த முறை பிள்ளைகளுக்கு அந்த ஒரு வரிப் பதிலைச் சொல்லித்தரும்போது, அம்பாலா திடலில் நின்றவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: சுட்டுவிட்டு ஊருக்குப் போனால், எங்கள் வீட்டுத் திண்ணையில் எங்களை உட்கார விடுவார்களா?