எதற்குப் பதிலாக? சென்னைத் தட்டில் நல்ல கொழுப்பின் இடம்

கோபாலபுரத்தில் இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை 2001இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற, ஊரக ஆய்வு, சமையல் எண்ணெய் பற்றிப் பலரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னது. இதயத்துக்கு உகந்தது என்ற விளம்பரத்தோடு வீடுகளுக்குள் வந்த சூரியகாந்தி எண்ணெயைப் பயன்படுத்தியவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு வளர்சிதை மாற்றக் கோளாறு இருந்தது. பாமாயில் பயன்படுத்தியோரில் இது 23 விழுக்காடு. கடலை எண்ணெய், நல்லெண்ணெய் பயன்படுத்தியோரில் 17. பருத்த இடுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ட்ரைகிளிசரைடு, குறைந்த நல்ல கொலஸ்ட்ரால் ஆகியவற்றில் சில ஒருவரிடம் சேர்ந்திருப்பதே இக்கோளாறு.

மயிலாப்பூரிலும் அடையாறிலும் மரச்செக்கு எண்ணெய் விற்போருக்கு இது இனிக்கும் செய்தி. ஆனால் ஒரு காலப்புள்ளியில் எடுத்த கணக்கு காரணத்தை நிறுவாது. மருத்துவர் எச்சரித்த பிறகு சூரியகாந்திக்கு மாறியவர்களும் அதில் இருந்திருக்கலாம். வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் பல நிறைவுறாக் கொழுப்பான லினோலெயிக் அமிலமே பெரும்பங்கு. கடலை எண்ணெயில் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பான ஒலெயிக் அமிலம் ஏறத்தாழப் பாதி. நல்லெண்ணெயில் இரண்டும் கிட்டத்தட்டச் சமம். இந்த வேறுபாடு முக்கியம்தான். அதைவிட முக்கியம், எண்ணெயோடு தட்டில் வேறு என்ன இருக்கிறது என்பது.

அதே ஆய்வில், சென்னைவாசிகளின் கலோரியில் கிட்டத்தட்டப் பாதி தீட்டிய தானியங்களிலிருந்து, முதன்மையாக வெள்ளை அரிசியிலிருந்து வந்தது. அந்தச் சோற்றுக் குவியல் அப்படியே இருக்க, நல்லது என்பதற்காக மேலும் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினால் கூடுவது கலோரி மட்டுமே. நிறைகொழுப்பின் இடத்தில் நிறைவுறாக் கொழுப்பு வரும்போது கெட்ட கொலஸ்ட்ரால் இறங்குகிறது; வெள்ளைச் சோறு அந்த இடத்தைப் பிடித்தால் பெரிய லாபமில்லை. ஆகவே கேட்க வேண்டியது: எதை எடுத்துவிட்டு எதை வைக்கிறோம்?

இதே அறக்கட்டளை 2018இல் வெளியிட்ட ஆய்வில் நீரிழிவுள்ள 300 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் 12 வாரம் தினமும் 30 கிராம் உப்பில்லாத பச்சை முந்திரி உண்டார்கள். அவர்களுக்கு நல்ல கொலஸ்ட்ரால் கூடியது, மேல் ரத்த அழுத்தம் குறைந்தது, உடல் எடை கூடவில்லை; சர்க்கரை அளவில் மாற்றமில்லை. முந்திரிக்கு விலை தடையென்றால், எலியட்ஸ் கடற்கரையில் சூடான மணலில் வறுத்துத் தரும் வேர்க்கடலை இருக்கிறது. தி. நகரில் வாங்கும் முறுக்குப் பொட்டலத்தின் இடத்தை அது தாராளமாகப் பிடிக்கலாம்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி, 2000 கலோரி உணவுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெயும் 35 கிராம் கொட்டை, விதைகளும் போதும் என்கிறது. நால்வர் குடும்பத்துக்கு மாதம் மூன்றரை லிட்டர் எண்ணெய். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயிலும் இந்தக் கணக்கில் சேரும். அதில் நிறைகொழுப்பு நாற்பது விழுக்காட்டுக்கும் மேல். ஆனால் ஏழைக் குடும்பத்தின் அடுப்பை எரியவைப்பதும் அதுவே. அந்தக் குடும்பத்துக்கு அறிவுரை சொல்வதைவிட, ரேஷனில் கடலை எண்ணெய் வழங்கச் சொல்வதே நேர்மை.

மேலே சொன்ன நான்கு எண்ணெய்களிலும் இன்னொரு நல்ல கொழுப்பான ஒமேகா-3 மிக அற்பம். மீன் உண்போருக்கு வழி எளிது: மெரினா லூப் சாலையின் நொச்சிக்குப்பம் அங்காடியில் வஞ்சிரத்தைத் தாண்டி மத்தியை வாங்கிக் குழம்பு வைக்கலாம். சைவச் சமையலில் ஆளி விதையை லேசாக வறுத்து இட்லி மிளகாய்ப் பொடியோடு அரைக்கலாம். அப்படி அரைத்த பொடியைக் குழைக்க ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் போதும். அதுவும் அன்றைய 27 கிராமில் அடக்கம்.