வெள்ளை லென்ஸும் சிவப்பு மேல்சட்டையும்



பொங்கல் விளையாட்டு விழாவுக்கு இந்த முறை வந்திருக்கும் ஸ்பான்சர் கடிதத்தை வாட்ஸ்அப் குழுவில் பார்த்திருப்பீர்கள். கோப்பைகள், குழந்தைகளுக்குப் பனியன், மதியச் சாப்பாட்டில் பாதிச் செலவு எல்லாம் அந்தக் கடை ஏற்றுக்கொள்கிறது. பதிலுக்கு நான்கு நிபந்தனைகள். முதல் மூன்றில் எனக்குத் தகராறு இல்லை. நான்காவது, உதவிக்கு நிற்பவர்கள் அனைவரும், போட்டோ எடுப்பவர் உட்பட, கடையின் பெயர் போட்ட மேல்சட்டை அணிந்திருக்க வேண்டும் என்கிறது. நம் விழாக்களில் ஆறு வருடமாகப் போட்டோ எடுப்பவன் நான்தான். அதனால் இதில் எனக்குச் சொந்த அக்கறை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் இது நம் வளாகத்தில் புதிதாக முளைத்த பிரச்சினை இல்லை. பெரிய பெரிய மைதானங்களில் கேமராவும் கம்பெனிப் பெயரும் மோதிய கதைதான் இது. அடுத்த பொதுக்குழுவில் கை தூக்குவதற்கு முன் அந்தக் கதையை ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

1896-இல் ஏதென்ஸில் முதல் நவீன ஒலிம்பிக் நடந்தபோதே அதன் மலரில் கோடாக் விளம்பரம் கொடுத்திருந்தது. அதற்குப் பிறகு நெடுங்காலம் கேட்டவர்களுக்கெல்லாம் ஸ்பான்சர் இடம் கிடைத்தது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஸ்பான்சர், சப்ளையர் என்று மொத்தம் 628 கம்பெனிகள். அத்தனை பேர் இருந்தும் நகரம் கடனில் மூழ்கியது. அந்தக் கடன் முழுதும் அடைபட 2006 ஆயிற்று. முப்பது வருடத் தவணை! வங்கியில் வாராக்கடன் லெட்ஜர் பார்த்தவர்களுக்கு இதன் வலி தெரியும்.

மாண்ட்ரியலின் கதியைப் பார்த்த பிறகு 1984 ஒலிம்பிக்கை நடத்தக் கடைசியில் நின்றது லாஸ் ஏஞ்சலஸ் ஒன்றுதான். அங்கே அமைப்புக் குழுவுக்குத் தலைவராக வந்த பீட்டர் யூபராத், பயண ஏற்பாட்டுக் கம்பெனி நடத்தி வந்தவர். அவர் ஸ்பான்சர்களின் எண்ணிக்கையை முப்பத்துச் சொச்சமாகக் குறைத்தார். ஒரு வகைப் பொருளுக்கு ஒரே ஒரு கம்பெனிதான். குளிர்பானம் என்றால் ஒருவர், பிலிம் என்றால் ஒருவர். குறைந்தபட்சத் தொகை 40 லட்சம் டாலர்.

பிலிம் என்றால் அமெரிக்காவில் கோடாக்தான். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த மஞ்சள் டப்பா நினைவிருக்கும். நம்மை விட்டால் இவர்களுக்கு யார் இருக்கிறார்கள் என்ற தெம்பில் கோடாக் பேரம் பேசியது, நாளைக் கடத்தியது. ஜப்பானின் ஃபுஜி சுமார் 70 லட்சம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டது. மஞ்சள் டப்பாவின் சொந்த ஊரில் பச்சை டப்பா அதிகாரபூர்வ பிலிம் ஆயிற்று. ஃபுஜியின் பெயர் எழுதிய வான்கப்பல் அமெரிக்க வானத்தில் மிதந்தது. ஒலிம்பிக் முடிந்து கணக்குப் பார்த்தால் அமைப்புக் குழுவுக்கு 20 கோடி டாலருக்கு மேல் உபரி.

நான் வணிகவியல் படித்தவன். ஃபுஜி கொடுத்த பணத்தை எந்தத் தலைப்பில் பற்று எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். விளம்பரச் செலவு என்று எழுதினால் பாதிதான் சரி. தன் பெயரைக் காட்டுவதற்கு மட்டும் அவர்கள் பணம் கொடுக்கவில்லை. அடுத்தவன் பெயர் தெரியாமல் இருப்பதற்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். 628 பேர் இருந்த மாண்ட்ரியலில் அந்தச் சரக்கு விற்பனைக்கே இல்லை. யூபராத் விற்றது அதைத்தான். அன்று முதல் இன்று வரை எல்லாப் பெரிய போட்டிகளின் ஸ்பான்சர் ஒப்பந்தமும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது.

கோடாக் சும்மா இருக்கவில்லை. அதே 1984 ஒலிம்பிக்கை ஒளிபரப்பிய ஏ.பி.சி. டெலிவிஷனில் விளம்பர நேரத்தை வாங்கியது. அமெரிக்கத் தடகள அணிக்கு ஸ்பான்சர் ஆனது. வீட்டில் உட்கார்ந்து பார்த்தவருக்கு யார் அதிகாரபூர்வம் என்றே குழப்பம். வாசலை அடைத்தால் கொல்லைப்புறமாக வருகிற இந்த வித்தைக்குப் பதுங்கு விளம்பரம் என்று பிறகு பெயர் வந்தது. 1985-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு உலகளாவிய ஸ்பான்சர் திட்டத்தைத் தொடங்கியபோது கோடாக் முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது. உடனே ஃபுஜி என்ன செய்தது தெரியுமா? 1988 சியோல் ஒலிம்பிக்குக்கு அமெரிக்க நீச்சல் அணியைப் பிடித்தது. பாடம் கற்றுக்கொடுத்தவருக்கே பரீட்சை. கோடாக் அந்த இடத்தை 2008 பெய்ஜிங் வரை வைத்திருந்தது. நான்கு வருடம் கழித்து, 2012 ஜனவரியில், திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

இதுவரை சொன்னது பிலிம் கதை. டப்பா பையில் இருக்கும், யாருக்கும் தெரியாது. கேமரா அப்படி இல்லை, அது முகத்துக்கு முன்னால் நிற்கிறது.

கேனான் இதைச் சீக்கிரம் புரிந்துகொண்ட கம்பெனி. 1980-இல் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்குக்கும் 1984-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கும் அதிகாரபூர்வ 35 மி.மீ. கேமரா அதுதான். 1983 முதல் 1986 வரை இங்கிலாந்தின் கால்பந்து லீக் முழுவதும் கேனான் லீக் என்றே அழைக்கப்பட்டது. ஆனால் அதன் பெரிய விளம்பரம் காசு கொடுத்து வாங்கியதாக எனக்குத் தோன்றவில்லை. டெலிவிஷனில் கிரிக்கெட்டோ கால்பந்தோ பார்க்கும்போது எல்லைக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் போட்டோக்காரர்களைக் கவனித்துப் பாருங்கள். குழாய் மாதிரி நீண்ட லென்ஸ்களில் சில வெள்ளை, சில கறுப்பு. பல காலம் வெள்ளை என்றால் கேனான், கறுப்பு என்றால் நிக்கான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடிந்தது.

வெள்ளைக்குக் காரணம் அலங்காரம் இல்லை. கேனானின் நீண்ட லென்ஸ்களில் ஃபுளோரைட் என்ற படிகக் கண்ணாடி உண்டு. வெயிலில் அது சாதாரணக் கண்ணாடியை விட அதிகமாக விரியும், ஃபோகஸ் தவறும். வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்பி அனுப்பும். வெள்ளைக் குடைக்கு உள்ள அதே தர்மம்தான். 1970-களில் இப்படி வந்த வெள்ளை, 1987-க்குப் பிறகு மைதானமெங்கும் பரவியது. அந்த வருடம் கேனான் தன் பழைய லென்ஸ் பொருத்தும் வளையத்தையே கைவிட்டு ஈ.ஓ.எஸ். என்ற புது வரிசையைக் கொண்டுவந்தது. ஃபோகஸ் செய்யும் மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்தது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் ஓடுகிறவனைத் துரத்திப் பிடிப்பதில் புது லென்ஸ் கெட்டிக்காரத்தனம் காட்டியது. 1959-இலிருந்து ஒரே வளையத்தை விடாமல் வைத்திருந்த நிக்கான் மைதானத்தில் பின்தங்கியது. 2007-இல் டி3 வந்த பிறகு பெய்ஜிங்கில் கறுப்பு மறுபடி தலைகாட்டியது.

இந்தக் கம்பெனிகள் பெரிய போட்டிகளின் பத்திரிகையாளர் மையத்தில் சர்வீஸ் கவுண்டர் திறப்பது வழக்கம். கேமராவைத் துடைத்துக் கொடுப்பார்கள், இன்று பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் லென்ஸைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரவல் தருவார்கள். தர்மத்துக்கு இல்லை. மைதான ஓரத்தில் இன்னொரு வெள்ளையோ கறுப்போ கூடும் என்பதற்காக.

ஒலிம்பிக் சாசனத்தின் 50-வது விதி மைதானத்துக்குள்ளும் அதற்கு மேலே வானத்திலும் விளம்பரம் கூடாது என்கிறது. வீரரின் உடையில் தயாரிப்பாளர் முத்திரை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. 2012 லண்டனில் கழிப்பறைக் குழாய், கை உலர்த்தும் இயந்திரம் இவற்றின் பெயர்களுக்குக்கூட டேப் ஒட்டினார்கள். ஓ2 அரங்கத்துக்கு அந்த நாட்களில் வடக்கு கிரீனிச் அரங்கம் என்று பெயர். எழுத்தை டேப் ஒட்டி மறைக்கலாம். நிறத்தை என்ன செய்வது?

இப்போது மேல்சட்டைக்கு வருகிறேன். 2007-இல் அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்., மைதான ஓரத்தில் நிற்கும் பத்திரிகைப் போட்டோக்காரர்கள் எல்லாரும் சிவப்பு மேல்சட்டை அணிய வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதில் கேனான், ரீபாக் பெயர்கள். இரண்டும் லீக்கின் ஸ்பான்சர்கள். தோளில் நிக்கான் தொங்கினாலும் உடம்பில் கேனான். பத்திரிகைப் போட்டோக்காரர் சங்கம் எதிர்த்தது, செய்தி ஆசிரியர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் சொன்ன காரணத்தை நிதானமாகப் படியுங்கள். நாங்கள் லீக்கிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை. நாளைக்கு இதே கம்பெனியைப் பற்றி ஒரு செய்தி எழுத வேண்டி வந்தால், அதன் பெயரை உடம்பில் சுமந்த பத்திரிகை எழுதுவதை வாசகர் எப்படி நம்புவார்? லீக் தரப்போ, பெயர் சின்னதுதான், ஆளை அடையாளம் காணச் சட்டை வேண்டும் என்றது. அடையாளத்துக்குச் சிவப்பு நிறமும் ஒரு எண்ணும் போதாதா என்பது என் கேள்வி. சீசன் தொடங்கியபோது சிவப்புச் சட்டைகள் மைதானத்தில் இருந்தன. சட்டை போடாதவருக்கு ஓரத்தில் இடம் இல்லை என்றால் என்ன செய்ய முடியும்?

காலம் இன்னும் நகர்ந்துவிட்டது. 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில், தொடக்க விழா அணிவகுப்பில் ஐபோனின் ஆப்பிள் முத்திரையை மறைக்கச் சொன்னார்கள் என்று சுவிஸ் அணித் தரப்பிலிருந்து பேச்சு எழுந்தது. ஒலிம்பிக் குழு அப்படித் தடை எதுவும் இல்லை என்று மறுத்தது. ஸ்பான்சர் சாம்சங். பத்து வருடம் கழித்து, 2024 பாரிஸில், மறைப்பதற்குத் தேவையே இல்லாமல் போயிற்று. பதக்க மேடைக்கு யாரும் போன் கொண்டுவரக் கூடாது. ஆனால் பதக்கம் கழுத்தில் விழுந்ததும் ஒரு சாம்சங் மடக்குப் போனைக் கையில் கொடுப்பார்கள், வென்றவர்களே செல்ஃபி எடுத்துக்கொள்ளலாம். மேஜைப் பந்து கலப்பு இரட்டையரில் தென் கொரிய வீரர் ஒருவர் போனை நீட்டிப் பிடிக்க, வெள்ளி வென்ற வட கொரிய ஜோடியும் தங்கம் வென்ற சீன ஜோடியும் ஒரே படத்தில் வந்தார்கள். உலகமெல்லாம் அந்தப் படம் பரவியது. எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காட்சியில் கேமரா வைத்திருந்தவர் செய்தி எடுக்க வந்தவர் இல்லை என்பதையும் கவனித்தேன்.

நம் விழாவுக்கும் ஒலிம்பிக்குக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், தெரியும். நான் பத்திரிகைக்காரனும் இல்லை. ஆனால் போன வருடம் மூன்றாவது மாடிப் பிள்ளை ஓட்டப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தான் என்று நடுவர் சொல்ல, என் கேமராப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் முதல் பரிசு கொடுத்தோம். பரிசு தரும் கடையின் பெயர் அன்று என் மார்பில் இருந்திருந்தால், தோற்ற பிள்ளையின் அப்பா அந்தப் படத்தை அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டிருப்பாரா?

கடைக்காரருக்கு மேடையில் எத்தனை அடி பேனர் வேண்டுமானாலும் கட்டுவோம். பனியன்களில் பெயர் இருக்கட்டும், வேறு கடைப் பெயர் உள்ள ஜூஸ் டப்பாவுக்குக் காகிதம் ஒட்டச் சொன்னால் நானே ஒட்டுகிறேன். நான்காவது நிபந்தனையில் "போட்டோ எடுப்பவர் உட்பட" என்ற மூன்று சொற்களை மட்டும் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லிச் செயலாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பொதுக்குழு வேறு மாதிரி முடிவு செய்தால் கேமராவை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு, சாப்பாட்டுப் பந்தியில் பரிமாற வருகிறேன். அங்கே அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள எனக்கு ஒரு தடையும் இல்லை.