வாடகைக்கு வந்தவர்களால் வளர்ந்த ஊர்

முன்னுரை

இந்த மலருக்கு ஊர் வரலாறு எழுதணும் என்று கேட்டார்கள். ஏரி பற்றியும் அம்மன் கோயில் பற்றியும் எழுத, இங்கேயே பிறந்து வளர்ந்தவங்க இருக்காங்க. நான் வந்தவாசி பக்கத்துல பிறந்து, பத்தாவது வரை படிச்சு, 2009-ல் கல்யாணமாகி இந்த ஊருக்கு வாடகைக்கு வந்தவள். வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் போகிறார். இந்தப் பதினாறு வருஷத்துல இதே ஊருக்குள்ள நாலு வீடு மாறியிருக்கோம். அதனால எனக்குத் தெரிஞ்ச வரலாறு வாடகை வீட்டு வரலாறு. அதுவும் நம்ம ஊர் வரலாறுதான் என்பதற்காக எழுதுகிறேன்.

ஒண்டுக் குடித்தனமும் மின்சார ரயிலும்

சென்னையில் வாடகைக்கு இருப்பது பழைய பழக்கம். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் ஒரே வீட்டுக்குள்ள பல குடும்பம் இருப்பாங்க. ஒரு கிணறு, ஒரு கக்கூஸ், ஆளுக்கு ஒரு அறை. அதுக்கு ஒண்டுக் குடித்தனம் என்று பெயர். பட்டணத்தில் வேலை கிடைத்தது, ஆனால் இடம் கிடைக்கவில்லை.

1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. அதுக்கப்புறம் பட்டணத்தில் வேலை பார்க்கிறவர் பட்டணத்திலேயே குடியிருக்கணும் என்ற கட்டாயம் போய்விட்டது. சீசன் டிக்கெட் எடுத்தால் பல்லாவரத்திலோ தாம்பரத்திலோ இருந்துகொண்டு பாரிமுனைக்கு வேலைக்குப் போய் வரலாம். குரோம்பேட்டைக்கு அந்தப் பெயரே குரோம் தோல் கம்பெனியால் வந்தது. வேலை இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ரயில் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஜனங்க குடியேறினாங்க. புறநகர் இப்படித்தான் பிறந்தது.

தொழிற்சாலை வந்த கதை

சுதந்திரத்துக்குப் பிறகு 1955-ல் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை, அடுத்து ஆவடி டாங்கி தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று வரிசையாக வந்தன. நம்ம பக்கம் 1984-ல் தாம்பரத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் வந்தது. தையல், எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் பெண்கள் நிறையப் பேர் போனார்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா செல்போன் தொழிற்சாலை. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான்.

இத்தனை தொழிற்சாலைக்கும் அரசாங்கம் நிலம் கொடுத்தது, ரோடு போட்டது, கரண்ட் கொடுத்தது. வேலைக்கு வருகிற பிள்ளைங்க ராத்திரி எங்கே படுப்பாங்க என்பதை ரொம்ப நாள் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்குகிற மாதிரி பெரிய விடுதி திறந்தது 2024-ல்தான். அதுவரைக்கும் அந்தப் பாரத்தைத் தாங்கியது நம்ம மாதிரி கிராமங்கள்தான். திருவண்ணாமலை, விழுப்புரம், தர்மபுரி என்று எங்கெங்கோ இருந்து வந்தவங்களுக்கு இடம் கொடுத்தது நம்ம ஊர்ப் பெண்கள் கட்டின போர்ஷன்கள்.

நம்ம தெரு மாறிய விதம்

எங்க தெருவில் எழுபது வயசு தாண்டின ஒரு பெரியம்மா இருக்காங்க. அவங்க சொன்னது: "அந்தக் காலத்துல இங்க வாடகைன்னு இருந்தது ரெண்டே பேர். ஒண்ணு பள்ளிக்கூட வாத்தியார், இன்னொண்ணு நர்சம்மா. மத்த எல்லாருக்கும் குடிசையோ ஓடோ சொந்தம்." செங்கல்பட்டு ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஏரித் தண்ணியில் நெல் விளைந்தது. அப்புறம் விளைச்சல் குறைந்தது, நிலத்து விலை ஏறியது. வயலில் மனைக் கல் நட்டார்கள். மனை வாங்கினவங்க முன்னாடி ஒரு வீடு, பின்னாடி ரெண்டு போர்ஷன் கட்டினாங்க. மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் லைன் வீடு வந்தது. 2009-ல் நான் வந்தப்போ ஒரு அறையும் சமையல் கட்டும் 1,200 ரூபாய் வாடகை. இப்போ எங்க வாடகை 5,500 ரூபாய்.

வாடகைக்காரங்க வந்த பிறகுதான் மளிகைக் கடை ஒண்ணு நாலாச்சு. இட்லி மாவு விக்கிறவங்க, தையல்காரங்க, ஷேர் ஆட்டோ எல்லாம் வந்தது அப்புறம்தான். வீட்டுக்காரங்களும் எல்லாரும் பணக்காரங்க இல்லை. எங்க குழுவிலேயே ஒரு அக்காவுக்குக் கணவர் இல்லை. ரெண்டு போர்ஷன் வாடகையில்தான் ரெண்டு பிள்ளைகளைப் படிக்க வச்சாங்க. அவங்க வீட்டில் இருந்த ஒருத்தர் நாலு மாச வாடகை தராமல் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்விட்டார். அவர் எந்த ஊர் என்று எழுதி வாங்கக்கூட இல்லை.

வாய்ப்பேச்சு வாடகை

இந்தப் பக்கம் வீடு கேட்டுப் போனால் முதல் கேள்வி "எத்தனை பேரு?" ரெண்டாவது கேள்வி "நீங்க என்ன ஆளுங்க?" அதைத் தாண்டினால் அட்வான்ஸ். பத்து மாச வாடகை என்பது சென்னைப் பக்கத்து வழக்கம். காலி பண்ணும்போது வெள்ளையடிக்க என்று ஒரு மாச வாடகை பிடிப்பாங்க. மோட்டார் காலையில் அரை மணி நேரம் ஓடும், அதுக்குள்ள தண்ணி பிடிக்கணும். கரண்டுக்கு சப் மீட்டர். 2016-லிருந்து எல்லா வீட்டுக்கும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் மெயின் மீட்டர் ஒண்ணுதான் என்றால் அந்த இலவசம் மொத்தக் கட்டடத்துக்கும் ஒரு தடவைதான். நாங்க இருந்த ஒரு வீட்டில் யூனிட்டுக்கு 9 ரூபாய் கொடுத்தோம்.

எங்க மூணாவது வீட்டில் பத்து நாளில் காலி பண்ணச் சொன்னாங்க. சின்னவளுக்கு அப்போ ஏழு மாசம், ஆடி மாசம் வேற. ஆடியில் யாரும் புது வீட்டுக்குக் குடி போகமாட்டாங்க, பால் காய்ச்சமாட்டாங்க. அட்வான்ஸ் 15,000 கொடுத்திருந்தோம். கையில் எந்தக் காகிதமும் இல்லை. "நீ குடுத்தது பன்னெண்டாயிரம்தானே" என்றார் வீட்டுக்காரர். என்னிடம் காட்ட ஒண்ணும் இல்லை. 3,000 ரூபாய் போனது போனதுதான்.

சட்டம் வந்த வரலாறு

வாடகைக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1946-லேயே சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டார்கள். பிறகு 1960-ல் வந்த சட்டம் ரொம்ப வருஷம் நடந்தது. ஆனால் அது முக்கியமாகச் சென்னைக்கும் நகராட்சிகளுக்கும் என்று எழுதினது. ஊர்தான் கிராமம், வாடகை மட்டும் பட்டணத்து வாடகை என்று ஆன நம்ம மாதிரி இடம் நடுவில் மாட்டிக்கொண்டது.

2017-ல் வீட்டு உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் உள்ள உரிமைகள், பொறுப்புகள் பற்றிப் புதுச் சட்டம் இயற்றினார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கணும், அதைப் பதிவு செய்யணும். வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் கூடாது. தண்ணி, கரண்டை நிறுத்தி விரட்டக்கூடாது. வீட்டுக்காரர் உள்ளே வருவதாக இருந்தால் 24 மணி நேரம் முன்னாடி எழுதிச் சொல்லணும். வாடகைக்காரரும் வாடகையை நாள் தவறாமல் கட்டணும், வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ளணும்.

இது நகரத்தை மனசில் வைத்து எழுதின சட்டம். ஆனாலும் அதில் இருக்கிற நியாயம் நம்ம தெருவுக்கும் நியாயம்தான். பதினோரு மாசத்துக்கு என்று பத்திரம் எழுதுவது ஏன் என்று நிறையப் பேருக்குத் தெரியாது. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆகணும் என்று 1908-ல் வந்த பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்தச் செலவுக்குப் பயந்துதான் 11 மாசம் என்று எழுதுகிற பழக்கம் வந்தது.

முகவரி இல்லாத பெண்கள்

காகிதம் இல்லை என்றால் அட்வான்ஸ் மட்டும் போவதில்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாசம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்போ ரேஷன் கார்டு எந்தக் கடையில் இருந்ததோ அங்கேதான் விண்ணப்பம் கொடுக்க வேண்டியிருந்தது. எங்க லைன் வீட்டில் ரெண்டு பேருக்குக் கார்டு சொந்த ஊரில். ஒருநாள் கூலியை விட்டு, பஸ் செலவு பண்ணிப் போய் வந்தாங்க. அதே வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல். 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை மூலமாக வந்தது. இந்த ஊர்க் கார்டு இல்லாதவங்க தனியாக மனு எழுதிக் காத்திருந்தாங்க. அவங்க வீட்டிலும் முழங்கால் தண்ணிதான். முகவரி மாத்துவதற்கு வாடகைப் பத்திரம் இருந்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை.

குழுவும் வாடகைக்காரங்களும்

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின. பிறகு மகளிர் திட்டம் வழியாக எல்லா மாவட்டத்துக்கும் வந்தன. ஒரே பகுதியில் இருக்கிற பெண்கள், ஒருத்தரை ஒருத்தர் தெரிந்தவர்கள் சேரணும் என்பதுதான் குழுவின் அடிப்படை. அதனால 2013-ல் நான் சேரக் கேட்டப்போ, "நாளைக்கே காலி பண்ணிட்டுப் போயிட்டா கடனை யார் கட்டுறது?" என்று கேட்டாங்க. கேட்டது தப்பில்லை. நாலு மாச வாடகையை இழந்தாங்களே, அந்த அக்காதான் எனக்காகப் பேசினாங்க. "ஓடிப் போனவன் சொந்த வீடு இருந்தாலும் ஓடுவான். இவளுக்கு நான் பொறுப்பு" என்றாங்க. அப்புறம் தீர்மான நோட்டில் எழுதினோம்: ஒரு வருஷம் இந்த ஊரில் இருந்திருக்கணும், ரெண்டு உறுப்பினர் ஜாமீன் சொல்லணும், ஊர் மாறினால் கடனை முடித்துவிட்டுப் போகணும்.

அதுக்கப்புறம் எங்க குழுவில் வாடகைக்கு இருக்கிற ஆறு பேர் கடன் வாங்கியிருக்கோம். மூணு பேர் ஊர் மாறிப் போனாங்க. மூணு பேரும் கடனை முடிச்சாங்க. அதில் ஒருத்தங்க ஸ்ரீபெரும்புதூர் போன பிறகும் அஞ்சு மாசம் பஸ் ஏறி வந்து தவணை கட்டினாங்க. நான் வாங்கின முதல் கடன் நாலாவது வீட்டு அட்வான்ஸுக்கு. அந்த வீட்டுக்காரம்மா போர்ஷன் கட்டினதும் இன்னொரு குழுவின் கடனில்தான். குழுப் பணம்தான் அந்தச் சுவரையும் எழுப்பியது, எங்களை உள்ளே குடி வைத்ததும் அதேதான்.

முடிவுரை

இன்னமும் நம்ம கூட்டமைப்பில் சில குழுக்கள் வாடகைக்கு வந்தவங்களைச் சேர்ப்பதில்லை. இந்த ஊர் வளர்ந்ததே அவங்க வந்ததால் என்பதை மேலே எழுதியிருக்கேன். வருகிற பொதுக்குழுவில் மூணு விஷயம் தீர்மானமாக வரணும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, எங்க குழுவின் விதியை எல்லாக் குழுவும் ஏற்று, வாடகைக்கு இருக்கிற பெண்களைச் சேர்க்கணும். ரெண்டு, வீடு விடுகிற நம்ம உறுப்பினர் எல்லாரும் பத்திரம் எழுதி, வாடகை, அட்வான்ஸ், கரண்ட் யூனிட் விலை மூன்றையும் அதில் காட்டணும். மூணு, மாச வாடகைக்கு ரசீது கொடுக்கணும். ரசீது புத்தகம் கூட்டமைப்பே அச்சடித்துக் கொடுத்தால் பெரிய செலவு ஆகாது.

வீடு சொந்தமாக இருந்தாலும் வாடகையாக இருந்தாலும் ரோடும் ஏரியும் பள்ளிக்கூடமும் நம்ம எல்லாருக்கும் ஒண்ணுதான்.