சேதுச்சீமையில் புகழும் முகத்துதியும்

இராமநாதபுரச் சீமையை ஆண்ட சேதுபதிகளின் அவையில் பிறந்த புகழ்நூல்களை முகத்துதி என்று ஒதுக்கும் போக்கு இலக்கிய வரலாற்றில் வலுவாகவே நிலவுகிறது. அவை பொருள் வேண்டிப் பாடப்பட்டவை என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். பொருள் வேண்டிப் பாடியது உண்மை. ஆனால் பரிசில் நாடிப் பாடுவது சங்ககாலம் தொட்டு அவையறிய நடந்த கொடுக்கல் வாங்கல். முகத்துதியோ தன் நோக்கத்தை மறைக்கும். கேட்பவர் அறியவேண்டிய கசப்பை விழுங்கிவிடும். இவ்விரண்டையும் அளவுகோலாகக் கொண்டால், இராமநாதபுரச் சான்றுகள் எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு எழுத இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இந்த அளவுகோல் மரபுக்குப் புறம்பானதன்று. புகழ் பாடுவதற்குரிய பாடாண் திணையில் தொல்காப்பியம் வாழ்த்தை மட்டும் வைக்கவில்லை. செவியறிவுறூஉவையும் வாயுறை வாழ்த்தையும் உடன் வைத்தது. முன்னது அரசனுக்கு அடக்கம் உணர்த்துவது. பின்னது முதலில் கசந்து பிறகு நன்மை தருவது. புகழும் அறிவுரையும் ஒரே திணையில் அடங்கியதால், புகழ்ந்த புலவனுக்கு இடித்துரைக்கும் உரிமையும் இருந்தது.

சேது நாட்டுப் புகழ்நூல்களில் தலையாயது, பொன்னாங்கால் அமிர்த கவிராயர் இரகுநாத சேதுபதி மீது பாடிய ஒருதுறைக்கோவை. திருக்கோவையாரின் நானூறு பாடல்கள் பல துறைகளில் விரிகின்றன. இங்கே நானூறும் 'நாணிக்கண் புதைத்தல்' என்னும் ஒரே துறையில் அமைந்தவை. கோவையின் இலக்கணப்படி காதலிப்பவன் பெயரில்லாத கிளவித்தலைவன்; சேதுபதி பாட்டுடைத்தலைவன் மட்டுமே. மன்னனின் பெயரும் கீர்த்தியும் நாட்டு வருணனையில், அடைமொழியாக, வந்து போகின்றன. பாட்டின் கவனமோ நாணிக் கண்ணை மறைக்கும் பெண்மீது நிற்கிறது. நானூறு முறை ஒரே நிகழ்வைப் புதிதாகச் சொல்லிக் காட்டிய புலவர் மன்னனைக் குளிர்வித்ததைவிடத் தம் ஆற்றலை நிறுவியதே மிகுதி. இதை முகத்துதி என்பது நூலின் அமைப்பைப் பாராத தீர்ப்பு.

செப்பேடுகளின் நிலை வேறு. நிலக்கொடை ஒன்றைப் பதியும் பட்டயம், சேதுபதியின் விருதுப்பெயர்களை வரிசையாக அடுக்கிய பின்னரே செய்திக்கு வருகிறது. மூவராய கண்டன், யானை வேட்டை கண்டருளியவன் போன்ற பட்டங்கள் விசயநகர அரசர்களிடமிருந்து வழிவழியாக வந்தவை. அவை யாரையும் நம்பவைக்க எழுதப்பட்டவை அல்ல. ஆவணத்துக்கு அதிகாரம் சேர்க்கும் வாய்பாடுகள். ஆனால் அங்கே செவியறிவுறூஉவுக்கு இடமே இல்லை.

புகழ் கீழிருந்து மேலே மட்டும் செல்லவில்லை. மைசூர்ப் படையெடுப்பின்போது மதுரைக்குத் துணைநின்ற இரகுநாத சேதுபதிக்குத் திருமலை நாயக்கர் தம் பெயரையே அளித்தார். அவர் திருமலை சேதுபதி ஆனார். 'இராணி சொல் காத்தான்' என்ற பட்டமும் கிடைத்தது. அடுத்த தலைமுறையில், போகலூரிலிருந்து தலைநகரை இராமநாதபுரத்துக்கு மாற்றிய கிழவன் சேதுபதி, கீழக்கரை வணிகர் பெரியதம்பி மரைக்காயருக்கு 'விசய ரகுநாத' என்னும் தம் பெயரை வழங்கினார். படைத்துணையும் வணிகத்துணையும் தேவைப்பட்ட அரசர்கள், தமக்குக் கீழிருந்தவர்களைத் தக்கவைத்த வழி இது. புலவர்களை மட்டும் தயவு நாடியவர்கள் என்று பழிப்பவர்கள் அரசர்களின் இந்தத் தேவையைக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தப் பெரியதம்பி மரைக்காயரே சீதக்காதி என்று மரபு கூறும். அவர் ஆதரவில் உமறுப்புலவர் தொடங்கிய சீறாப்புராணம் முற்றுப்பெறும் முன்பே வள்ளல் மறைந்தார். பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் பணியைத் தாங்கினார். காப்பியத்தில் இடையிடையே அபுல்காசிம் போற்றப்படுகிறார். நபிகள் வரலாற்றை விட்டு விலகாமல், ஆதரவாளருக்குரிய நன்றியைச் சில பாடல்களோடு நிறுத்திக்கொண்ட அளவறிந்த முறை அது. சீதக்காதிக்கோ, 'செத்தும் கொடுத்தான்' என்ற புகழ் மக்கள் நாவில் நிலைத்தது. மறைந்துவிட்ட ஒருவரைப் போற்றுவதில் தயவு நாடும் நோக்கம் இருக்க வழியில்லை.

ஆகவே, பரிசில் வாங்கியதே முகத்துதிக்குச் சான்றாகாது. ஒருதுறைக்கோவையும் சீறாப்புராணமும் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுபடுகின்றன. ஆனால் பாடாண் திணையில் வாழ்த்தோடு இணைந்திருந்த அறிவுரை, சேதுச்சீமைப் பட்டயங்களில் அறவே மறைந்தது. முகத்துதி என்ற பெயர் எதற்கேனும் பொருந்துமானால், அந்த மறைவுக்கே பொருந்தும்.