வேங்கிக்கால்: ஏரிக்கு வரும் வழியும் மீன்களின் வரலாறும்

திருவண்ணாமலை என்றதும் நம் நினைவில் எழுபவை மலையும் கோபுரங்களும் கார்த்திகைத் தீபமும்தாம். அங்குள்ள மீன்களைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்திருக்கும் வேங்கிக்காலில் ஏரியொன்று உண்டு. ஊர்ப்பெயரின் ஈற்றில் நிற்கும் 'கால்' என்ற சொல்லுக்கு வாய்க்கால் என்றும் பொருள் உண்டு. பெயராராய்ச்சியை விட்டுவிடுவோம்; ஏரியைவிட ஏரிக்கு நீர் வரும் வழியைப் பேசவே இக்கட்டுரை.

தமிழ்நாட்டு ஏரிகளின் நிர்வாகம் குறித்து நமக்குச் சான்றுகள் ஏராளம். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரி வாரியத்தைச் சொல்கின்றன. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்கான வருவாய் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' எனப்படுகிறது. அதன் எச்சமாக இன்றும் கிராமங்களில் 'மீன்பாசி ஏலம்' நடக்கிறது. ஆனால் கல்வெட்டுக்கு மீன் என்பது ஒரு வருவாய்க் கணக்கு மட்டுமே. விரால் எங்கே வாழ்ந்தது, அயிரை ஏன் அங்கே வாழ்ந்தது என்பதெல்லாம் கல்லில் வெட்டத் தக்க செய்திகளாக எவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கேள்வியை அறிவியல் கேட்டது அண்மையில்தான். ஓவன் கோர்மன், ஜேம்ஸ் கார் ஆகிய இருவரும் அமெரிக்காவின் இண்டியானாவிலும் பனாமாவிலும் சிற்றோடைகளை அளந்து 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவர்கள் அளந்தவை மூன்று: நீரின் ஆழம், ஓட்டத்தின் வேகம், அடித்தரை. இம்மூன்றும் எங்கே பலவகையாகக் கலந்திருந்தனவோ அங்கே மீன் வகைகளும் பெருகியிருந்தன. மனிதர் மாற்றியமைத்த ஓடைகளிலோ மீன் கூட்டம் பருவத்துக்குப் பருவம் நிலைகுலைந்தது. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளை எம். அருணாசலம் இதே நோக்கில் ஆராய்ந்து 2000-இல் எழுதியிருக்கிறார்.

நம் மீனவர்களுக்கு இது புதுச் செய்தியன்று. அயிரைக்கு மணலும் நுண்சேறும் வேண்டும். ஆரல் சேற்றில் புதையும். விரால் கரையோரக் கோரையிடையே கூடு கட்டிக் குஞ்சுகளைக் காக்கும். கெண்டை இனங்கள் சில, புதுவெள்ளத்தை எதிர்த்து வாய்க்கால் வழியே ஏறி முட்டையிடும். எனவேதான் முதல் மழையில் கலிங்கின் கீழே ஆட்கள் வலையோடு நிற்கின்றனர். ஏரி என்பது தனித்த பாத்திரமன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எல்லாம் விரைவாக மாறியது. 1952-இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு ஜிலேபி மீன் வந்தது. 1957-இல் ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சௌத்ரி, சுரப்பு ஊசியினால் பெருங்கெண்டைகளை முட்டையிடச் செய்தார். அதன்பின் குத்தகைக்காரர் குஞ்சுகளை வாங்கி விட்டு, வளர்த்து, பிடித்து விற்கலாயினர். கட்லாவும் ரோகுவும் ஓடும் நீரில்தான் இயல்பாக முட்டையிடும். குஞ்சை வெளியிலிருந்து கொணர்ந்து விடுவதால் ஏரியில் அவற்றுக்கு அந்த வசதி இருந்தாலும் ஒன்றே, இல்லாவிட்டாலும் ஒன்றே. ஆகவே வரத்துக்கால் தூர்ந்தாலும் ஏலத்தொகை உடனே குறையாது. இதுவே எங்களுக்கு அந்த மாற்றத்தின் ஆபத்தான பகுதியாகப் படுகிறது. கணக்கில் இழப்பு தெரியாதபடி ஓர் இழப்பு நடந்தது. ஜிலேபியோ ஆழமற்ற தரையில் குழி பறித்து, முட்டையை வாயில் காத்துப் பெருகும். அதற்கு வாய்க்கால் வேண்டியதில்லை.

1989-இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. 2024-இல் நகரம் மாநகராட்சியானது. நகரம் வளரும்போது ஓடைக்குக் கான்கிரீட் தரையும் நேர்ச்சுவரும் வந்துவிடுகின்றன. வெள்ளம் விரைந்து வடியும், உண்மை. ஆனால் கோர்மனும் காரும் அளந்த ஆழம், வேகம், அடித்தரை மூன்றும் அங்கே ஒரே சீராகிவிடுகின்றன. தூர்வாரும்போதும் இதே கதை: ஏரியைத் தாம்பாளம்போல் சமனாக வெட்டி, கோரையை வேரோடு எடுத்துக் கரையை நேராக்கினால் 'புனரமைப்பு' முடிந்ததாகிறது. கோடையில் மீன் ஒதுங்க இரண்டு மூன்று மடுக்களும், ஒரு பக்கத்துக் கோரையும், வாய்க்காலில் கொஞ்சம் கூழாங்கல்லும் விடுவதற்கு ஒப்பந்தத் தொகை கூடப்போவதில்லை. வேலைத் திட்டத்தில் அதற்கொரு வரி எழுதினால் போதும்.